சாமி என்று யாரைக் கூப்பிட்டார்

என் அக்காள் கணவர் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். சுரண்டிய சுவரின் தூசு நெஞ்சில் இறங்கி இருமல் ஒட்டிக்கொண்டபின், அந்த வேலையை விட்டே ஆகவேண்டும் என்றுவிட்டார் டாக்டர். தெருவில் விழுந்து கிடக்கிறவர்களைத் தூக்கி வந்து பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில், குளிப்பாட்டி உடுத்திவிடும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயும் அவர் பெயிண்டர்தான். சுவர் என்றால் ரெண்டு கோட்டிங்கில் முடிந்துவிடும், இங்கே தினமும் முதல் கோட்டிங் என்பார்.

பக்தி அவருக்கு அளவு சேராத சட்டை. அக்காள் கும்பிடும்போது பின்னால் பஸ்ஸுக்கு நிற்பவரைப்போல நிற்பார். கேட்டால், கூப்பிட்டுப் பார்த்தேன், லைன் கிடைக்கவில்லை என்பார்.

இல்லத்தில் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர். பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு, ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்திருந்தது. சாமி. தாகமெடுத்தாலும் சாமி, படுக்கை நனைந்தாலும் சாமி. முதுகுப் புண்ணில் மருந்து படும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சாமி.

ஒருநாள் அந்தப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அத்தானுக்கு ஏதோ ஆயிற்று. அறையில் இன்னொருவர் இருந்த மாதிரி இருந்ததாம். பயமில்லை. கை பாட்டுக்கு வேலை செய்தது, நாற்றம் நாற்றமாகவே இருந்தது, எழுந்து போகத்தான் மனசு வரவில்லை. அப்புறம் அடிக்கடி அப்படி ஆகத் தொடங்கியது.

அந்தச் சமயம் பார்த்துப் பழைய காண்ட்ராக்டர் மேற்பார்வை வேலைக்குக் கூப்பிட்டார். தூசில் நிற்க வேண்டாம், ஆட்களை ஏவினால் போதும். அக்காள் அன்றைக்கே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள். அத்தான் என்னிடம் வந்தார். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மாத்திரை அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்பது முதற்கொண்டு எல்லாம் என்னிடம்தான் வரும். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பானேன். கடவுள் சமாசாரம் வந்தது இதுதான் முதல் தடவை.

"மாப்ள, அங்க சாமி இருந்தா விட்டுட்டுப் போறது தப்பு. இல்லன்னா நான் அங்க கிடக்கறது கிறுக்குத்தனம். ரெண்டுல எதுன்னு நீ பாத்துச் சொல்லு."

போனேன். பெரியவர் "சாமி" என்றார். அத்தான் "இதோ வந்துட்டேன் சாமி" என்றார். அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்வரை இவர் சாமி என்பதும் அவர் சாமி என்பதுமாக இருந்தது. யார் யாரைக் கூப்பிடுகிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. பினாயில் வாடையைத் தவிர வேறொன்றும் எனக்குத் தட்டுப்படவுமில்லை. பக்கவாதத்தில் இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடுவது உண்டு, அதற்கு அர்த்தம் இருந்தாக வேண்டியதில்லை என்று வெளியே வந்து விளக்கினேன். அத்தான் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார். அது அவர் வாய்க்குச் சரி, என் நெஞ்சுக்கு என்ன என்றார். நான் டீ சொன்னேன்.

அந்த வாரமே பெரியவருக்குப் பேச்சு திரும்பியது. முதலில் வந்த சொல் தண்ணி. மறுநாள் வலி. இல்லமே கைதட்டியது, அத்தான் முகம் மட்டும் தொங்கிப்போயிற்று. இத்தனை நாளும் தண்ணியைத்தான் கேட்டாரா என்று என்னையே திரும்பத் திரும்பக் கேட்டார். பெரியவர் அதன்பின் சாமி என்று சொல்லவேயில்லை. அத்தானை டேய் என்றுதான் கூப்பிட்டார், மெதுவாகத் தேய்க்கத் தெரியாதா என்று அதட்டினார். அக்காளுக்கு நிம்மதி. பிடித்த பேய் இறங்கிவிட்டது என்றாள்.

இறங்கவில்லை. டேய் என்று அவர் அதட்டும்போதும் அது அங்கேயே இருக்கிறதாம்.

"பேரு போயிருச்சு, ஆளு போகல மாப்ள. எனக்கு மண்டை காயுது."

காண்ட்ராக்டர் முடிவு கேட்டுப் போன் செய்தபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்காள் ஸ்பீக்கரில் போட்டாள். வரவில்லை என்றார் அத்தான். காரணம் கேட்டார் அவர். அத்தான் என்னைப் பார்த்தார், நான் தட்டைப் பார்த்தேன்.

"இல்லத்துல ஒரு பெரியவரு இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்காருண்ணே."

"சரி, இருக்கட்டும். அவரு உனக்கு என்ன வேணும்?"

அத்தான் வாயிலிருந்த சோற்றை மெதுவாக மென்று விழுங்கினார்.

"அதாண்ணே தெரியல."