காசியாத்தியின் கடலை டப்பா

காசியாத்தி உரலில் வேர்க்கடலை இடிக்கும் சத்தத்தை வைத்தே அவள் மனசு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். கெதிரி ஊர்ச் சர்க்கரை ஆலை வாசலில் அவள் கீரையும் கடலைச் சாந்தும் வைத்து பெச்செல் சோறு விற்கிறாள். பக்கத்துக் கடையில் நான் புளித்த சோயாத் துண்டான தெம்பே பொரிக்கிறேன். பதினான்கு வருடப் பழக்கம். கலிமந்தான் தீவுக்குத் தோட்ட வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று தகவல் வந்த அன்றுகூட உலக்கை நிதானமாகத்தான் விழுந்தது. கெண்டிஸ் போன பிறகுதான் அது மாறியது.

கெண்டிஸ் அவளுடைய மஞ்சள் கிளி. கண் திறக்காத குஞ்சாக வாங்கி, ராத்திரி பகல் பாராமல் கரண்டியால் கஞ்சி ஊட்டி வளர்த்தாள். கடையில் அவள் தோளில்தான் இருக்கும், காலில் மெல்லிய சங்கிலியோடு. ஆலைக்காரர்கள் சாப்பிட வந்தால் கீரைத் தண்டை அவர்கள் தட்டிலிருந்தே உருவும்.

ஊரில் கிளிகளைக் கட்டில்லாமல் பறக்கவிடும் சங்கம் ஒன்று இருக்கிறது. தலைவர் பாக் பிராப்தோ; 'பாக்' என்றால் எங்கள் பக்கம் ஐயா. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலைக்குப் பின்னால் இருக்கும் பந்து மைதானத்தில் கூடுவார்கள். விசில் அடித்துச் சிவப்புக் கரண்டியில் கஞ்சியைக் காட்டினால், வட்டமடிக்கும் கிளிகள் கைக்கு இறங்கும். இதில் ஒரே ஒரு சட்டம்தான்: பறக்கவிடும் நாளில் கிளி பட்டினியாக வரவேண்டும். முந்தின சாயங்காலத்தோடு தீனி நிறுத்தம். சங்கிலியில்லாத கிளிக்குப் பசிதான் சங்கிலி.

அந்த ஞாயிறன்று படம் எடுக்க யாரோ வந்திருந்தார்கள். கூட்டத்துக்குக் கிளி போதவில்லை. பிராப்தோ கடைக்கே வந்து, அக்கா என்பதற்கு எங்கள் ஊரில் சொல்கிற மாதிரி 'எம்பாக்' என்று கூப்பிட்டார்.

"எம்பாக், உங்க கிளியையும் கொண்டாங்க. மஞ்சள் கலர் படத்துல எடுப்பா இருக்கும்."

"இப்பதான் வயிறு முட்டத் தின்னிருக்கு, பாக். காத்தும் சரியில்ல. இன்னொரு நாள் பாப்போம்."

"அட, பசியா முக்கியம்? பாசம் இருந்தா தானா வரும்." பேச்சோடு பேச்சாக அவரே சங்கிலியின் கொக்கியைக் கழற்றிவிட்டார்.

கெண்டிஸ் இரண்டு சுற்றுச் சுற்றியது. மலைப்பக்கமிருந்து வந்த காற்று அதைக் கரும்புக்காட்டுக்கு மேலே தூக்கிக்கொண்டு போனது. பதினோரு நாள் காசியாத்தி தெருத்தெருவாக விசில் அடித்துக்கொண்டு அலைந்தாள். பன்னிரண்டாம் நாள் ஒரு உழவர், மின்கம்பிக்குக் கீழே கிடந்தது என்று சொல்லி, கெண்டிஸின் எண் பொறித்த கால் வளையத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். அடுத்த ஞாயிறு, மைதானத்தில் அத்தனை பேர் நடுவில் பிராப்தோ சொன்னார்: "வளத்தவங்க மேல பாசமில்லாத கிளி போகத்தான் செய்யும். நம்ம கையில என்ன இருக்கு?"

காசியாத்தி கடைக்கு வந்து, வளையத்தை உரலுக்கு மேலே ஆணியில் மாட்டினாள். அன்றிலிருந்து உலக்கை கல்லையே பிளப்பதுபோல விழுந்தது.

பிராப்தோவிடம் ராடென் என்று ஒரு பஞ்சவர்ணக் கிளி. நீலமும் மஞ்சளுமாக முழங்கை நீளம் இருக்கும். காலையில் அதை வாசல் கொம்பில் உட்காரவைத்துவிட்டு அவர் குளிக்கப் போவார். காசியாத்தி சந்தைக்குப் போகும் வழி அதுதான். நின்று, கடலை டப்பாவின் மூடியை விரலால் மூன்று தட்டுத் தட்டி, ஒரு கடலையை நீட்டுவாள். ஆறு வாரம் இது நடந்தது. எனக்கு அவள் சொல்லவில்லை. சாந்துக்குக் கடலை குறைகிறதே என்று கேட்டபோது, "கொஞ்சம் சிந்திருச்சு" என்றாள்.

சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. சுரபாயா நகரத்திலிருந்து பெரிய சங்கத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். பிராப்தோ பூவேலைச் சாயம் போட்ட புது பாத்திக் சட்டை போட்டிருந்தார். "அண்ணாந்தே பாத்துக்கிட்டிருங்க!" என்று சொல்லி ராடெனை வானத்தில் எறிந்தார்.

அது நேராகத் தூங்குமூஞ்சி மர உச்சிக்குப் போய் உட்கார்ந்து இறகு கோதத் தொடங்கியது.

விசில். சிவப்புக் கரண்டி. மறுபடி விசில். ராடென் ஒரு கண்ணால் கீழே பார்த்துவிட்டு அடுத்த இறக்கையைக் கோதியது.

"பாசம் இருந்தா வருமே, பாக்?" என்றாள் காசியாத்தி, நன்றாகக் கேட்கும்படி. சுரபாயாக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார்.

ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். விருந்தாளிகள் நிழல் தேடி என் தெம்பேயைத் தின்று தீர்த்தார்கள். விசில் அடித்தே பிராப்தோவின் உதடு வீங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளைத் தனியே இழுத்தேன்.

"எவ்வளவு கடலை போட்ட?"

"ரெண்டு கை. விடிஞ்சதும்."

"அடிப்பாவி, அந்தக் கிளி என்ன செஞ்சுது உன்னை?"

"அதை ஒண்ணும் செய்யல. மத்தியானத்துக்கு மேல பசிச்சுடும். அதுவரைக்கும் அந்தாளு ஊதட்டும். பதினோரு நாள் நான் ஊதல?"

கணக்கு சரிதான். காற்றை மட்டும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை. மதியம் தாண்டியதும் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. கிளை ஆடியதும் ராடென் எழும்பி, மைதானத்து ஓரத்து மின்கம்பத்தில் போய் உட்கார்ந்தது. இறக்கை விரித்தால் கம்பி. காசியாத்தியின் கை மடியிலிருந்த கடலை டப்பாவுக்குப் போனதைப் பார்த்தேன். ஆனாலும் அவள் நகரவில்லை.

பிராப்தோ கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார்: "இன்னைக்கு இதுக்கு யாரோ தீனி போட்டிருக்காங்க!"

"நான்தான் போட்டேன்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"என் கிளியும் அன்னைக்குத் தின்னுட்டுத்தான் இருந்துச்சு. நான் சொன்னேன். நீங்க என்ன செஞ்சீங்க, பாக்?"

"எம்பாக், இதுவா நேரம்? கம்பத்தைப் பாருங்க!"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க."

அவர் கம்பத்தைப் பார்த்தார், சுரபாயாக்காரர்களைப் பார்த்தார். முணுமுணுத்தார்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

"வேணாம்னு அவங்க சொன்னாங்க! நான்தான் அவுத்துவிட்டேன்! கிளி மேல தப்பில்ல, அவங்க மேலயும் தப்பில்ல! போதுமா?"

காசியாத்தி கம்பத்துக்கு எதிர்ப்பக்கம், கம்பி இல்லாத வெட்டவெளிக்கு ஓடினாள். டப்பாவை எடுத்து மூடியை மூன்று தட்டுத் தட்டினாள். ராடென் கழுத்தைச் சாய்த்தது. இன்னும் மூன்று. அது கம்பத்திலிருந்து பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்து, இறக்கை விரித்து, புல்லை உரசிக்கொண்டு வந்து அவள் முன்கையில் இறங்கியது. நகம் பட்டு ரத்தம் வந்தது. அவள் கட்டைவிரலால் அதன் காலை அழுத்திக்கொண்டாள்.

"சங்கிலி கொடுங்க."

"சங்கிலியா? என்கிட்ட ஏது?" என்றார் பிராப்தோ. தலைவர் வீட்டில் சங்கிலியே கிடையாது.

காசியாத்தி இடுப்பிலிருந்த சமையல் துணியை உருவினாள். மஞ்சளும் எண்ணெயும் ஏறி, கடலைச் சாந்து காய்ந்து ஒட்டிய துணி. ஒரு முனையைக் கிளியின் காலில் கட்டினாள். மறுமுனையைப் பிராப்தோவின் மணிக்கட்டில், பாத்திக் சட்டையின் கைமேலேயே சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டாள்.

"கடைத்தெரு வழியாவே போங்க, பாக். குறுக்கு வழில சேறு."

மழை பிடிப்பதற்குள் அவர் போய்ச் சேர வேண்டியிருந்தது. அழுக்குத் துணியின் ஒரு முனையில் அவரும் மறுமுனையில் ராடெனுமாகக் கடைத்தெருவைத் தாண்டியதை ஆலை ஷிப்டு முழுக்கப் பார்த்தது.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி அந்தத் துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ராடெனுக்குச் சங்கிலி வாங்கியாகிவிட்டது என்றாள். "அவரை மன்னிச்சிட்டீங்கதானே?" என்றும் கேட்டாள்.

"பெச்செல் சாப்பிடுறீங்களா?" என்றாள் காசியாத்தி.

பிராப்தோவின் மனைவி போனதும் காசியாத்தி இஸ்திரி கலையாத துணியை உதறி, உரலடியில் சிந்தியிருந்த எண்ணெயைத் துடைத்தாள். ஆணியில் தொங்கிய வளையத்தை ஒருமுறை தொட்டுவிட்டு உலக்கையை எடுத்தாள். சத்தம் இன்னும் பழையபடி ஆகவில்லை.