தீராத வயிற்று வலி

கந்தம்மாள் போலீசில் சேர்ந்ததை வெண்ணந்தூரில் முதலில் யாரும் நம்பவில்லை. நெசவாளி வீரபாகுவின் மூத்த மகள் அவள். நிலைப்படியில் குனிந்து வரவேண்டிய உயரம். இந்த உயரத்துக்கு எங்கே போய் மாப்பிள்ளை தேடுவது என்று வீரபாகு மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், பொம்பளைகளையும் போலீசுக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளே சேலத்துக்கு பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்றாள். எடுத்துக்கொண்டார்கள். பிறகு மாப்பிள்ளையும் அமைந்தான். விசைத்தறி ஓட்டுகிற சென்னிமலை அவள் தோளுக்குத்தான் வருவான். "உசரம் கெடக்கட்டும், சோறாக்கத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டிக்கொண்டாள் என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். அவனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மெட்ராசில் சில வருசம் இருந்துவிட்டு, எழுபத்தொன்பதில் நாமகிரிப்பேட்டைப் பக்கம் மாற்றலாகி வந்தாள். அந்த ஸ்டேஷனில் அவளுக்கென்று இரண்டே வேலை. பிடிபட்ட பெண்களைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போவாள். செத்துப்போன பெண்களின் உடம்பைப் பார்த்துச் சொல்வாள். கிணற்றில் விழுந்தவர்கள், எண்ட்ரின் பூச்சிமருந்து குடித்தவர்கள், தொழுவத்தில் தொங்கியவர்கள். யாராக இருந்தாலும் ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து ஒரே காரணம்தான் சொல்வார்கள்: தீராத வயிற்று வலி, தாங்க முடியாமல் இப்படிச் செய்துகொண்டாள். கேட்கிறவர்களுக்கும் சுலபம், சொல்கிறவர்களுக்கும் சுலபம். கந்தம்மாளுக்கு மட்டும் அது தொண்டையில் முள்ளாக நின்றது. இந்தப் பக்கத்து ஆண்களுக்கு வயிறே கிடையாதா என்று ஒருநாள் ஸ்டேஷனில் சத்தமாகவே கேட்டாள். ஏட்டுக்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் கண்ணுசாமி சிரிக்கவில்லை. ஓய்வுக்கு நெருங்கிக்கொண்டிருந்த மனிதர். வம்பு வேண்டாம் என்று இருப்பவர், ஆனால் பொய்க்குத் துணை போகாதவர்.

எண்பத்திரண்டு மாசி மாதம். மஞ்சள் வெட்டி வேகவைக்கிற சமயம். காளியண்ணன் என்கிற பெரிய விவசாயியின் மனைவி கண்ணாத்தாள் தோட்டத்துக் கிணற்றில் மிதக்கிறாள் என்று காலையில் தகவல் வந்தது. இன்ஸ்பெக்டரோடு கந்தம்மாளும் ஜீப்பில் போனாள்.

காளியண்ணன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றான். நல்ல ஆகிருதி. கோயில் காரியம், பஞ்சாயத்து என்று எதற்கும் முன்னால் நிற்கிற ஆள். ரெண்டு நாளாக வயிற்று வலி என்று புரண்டுகொண்டிருந்தாள், விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று இருந்தேன், அதற்குள் இப்படிப் பண்ணிவிட்டாள் என்றான். பெரியவர்களில் ஒருவர் உச்சுக்கொட்டி, "பாவம், மொதப் பொண்டாட்டி பொன்னாத்தாளும் இதே வயித்து வலியிலதானுங்க போய்ச் சேந்தா" என்றார்.

கந்தம்மாள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, புங்க மரத்தடியில் சீலையை மறைப்பாகக் கட்டி, உடம்பருகே உட்கார்ந்தாள். முகம் பார்த்தாள், நகம் பார்த்தாள். பின்கழுத்தில் மயிரை ஒதுக்கியபோது மெல்லிய கோடு ஒன்று, கத்தியால் கீறியதுபோலச் சிவந்து தெரிந்தது. அதற்கு மேலே கிடந்த தாலிக்கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். புதுக் கயிறு. தண்ணீரில் கிடந்தும் முறுக்கு விடவில்லை. மாதக்கணக்கில் கழுத்தில் கிடந்த கயிறு வேர்வையும் எண்ணெயும் ஏறிக் கறுத்துப்போயிருக்கும். கந்தம்மாளின் கழுத்தில் இருப்பதே அப்படித்தான். ஆடிப் பதினெட்டுக்கு மாற்றுகிற கயிற்றை மாசியில் யார் மாற்றுவார்கள்? அதுவும் வயிற்று வலியில் புரண்டுகொண்டிருந்தவள்?

எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். அங்கே அரிசியும் உளுந்தும் தனித்தனிப் பாத்திரத்தில் ஊறிக்கொண்டிருந்தன. பாலுக்கு உறை ஊற்றி மூடி வைத்திருந்தது. தயிர் கெட்டியாகத் தோய்ந்திருந்தது. கந்தம்மாள் அந்தத் தயிரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்து இன்ஸ்பெக்டரைத் தனியே அழைத்தாள். அவர் முதலில் முகம் சுளித்தார். பெரிய இடம், யோசித்துப் பேசு என்றார்.

"யோசிச்சுத்தானுங்கய்யா பேசறேன். பொம்பள செத்ததுக்கு அஞ்சு ஆம்பளைங்களக் கேட்டோம். ஒரு பொம்பளயக் கேக்கலாமுங்களா?"

அவர் கிணற்றுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். கேள் என்றார்.

அந்த நேரத்தில்தான் கண்ணாத்தாளின் தாய் ராமாயி பஸ்ஸை விட்டு இறங்கி, வரப்பில் விழுந்தடித்துக்கொண்டு வந்தாள். வயிற்று வலி என்று யாரோ சொன்னதும் அழுகையை நிறுத்திவிட்டாள். "கல்லத் தின்னாலும் செரிச்சுப்போடும் எம் மகளுக்கு. அவளுக்கா வயித்து வலி?" என்றாள். கந்தம்மாள் அவளைக் கைத்தாங்கலாக மறைப்புக்குள் கூட்டிப் போய், அழுகையை அப்புறம் வைத்துக்கொள்ளச் சொல்லி, மகளின் கழுத்தை மட்டும் நன்றாகப் பார்க்கச் சொன்னாள்.

ராமாயி குனிந்து பார்த்தாள். விரலால் தடவினாள்.

"இது எம் மக கோத்தது இல்ல சாமி. எங்க ஊட்ல தாலியத் தொட்டாப்புல ரெண்டு பக்கமும் பவளம் வரோணும். தங்கக் குண்டு அதுக்கு வெளியதான். இதுல குண்டு உள்ள கெடக்குது, பவளம் வெளிய கெடக்குது. எம் மக தூக்கத்துலகூட இப்படிக் கோக்க மாட்டா."

தோட்டத்தில் மஞ்சள் வெட்ட வந்திருந்த இரண்டு பெண்களையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். போன வாரம்கூடத் தலைக்குக் குளித்துவிட்டு வெயிலில் நின்றபோது பழைய கயிறுதான் கிடந்தது என்றார்கள்.

இன்ஸ்பெக்டர் அதற்குமேல் தயங்கவில்லை. பிரேதத்தைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஊர்ப் பெரியவர்கள் அறுத்துப் பார்க்க வேண்டாமே என்று கெஞ்சினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: நுரையீரலில் தண்ணீர் இல்லை, குரல்வளை எலும்பு முறிந்திருக்கிறது, தண்ணீரில் விழுவதற்கு முன்பே உயிர் போய்விட்டது.

காளியண்ணனை ஸ்டேஷனுக்கு வரவழைத்தார்கள். கசங்காத சட்டையோடு வந்து, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தான். திருட்டுப் பயல் எவனோ வந்து கொன்றிருப்பான் என்று கதையை மாற்றினான். திருட வந்தவன் தாலித் தங்கத்தை ஏன் விட்டுவிட்டுப் போனான் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, அதைப் போலீஸ்தானே கண்டுபிடிக்க வேண்டும் என்றான். வெளியே அவனுடைய ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். பொம்பளைப் போலீசு பேச்சைக் கேட்டுப் பெரிய மனிதரை அலைக்கழிக்கிறார்கள் என்று ஒருவன் உள்ளே கேட்கும்படி சொன்னான். கந்தம்மாள் கதவருகே போய் அவனைப் பார்த்தாள். அவன் அண்ணாந்து அவளைப் பார்த்துவிட்டுத் தேநீர்க் கடைப் பக்கம் நகர்ந்தான்.

திரும்பி வந்தவள் மேசைமேல் ஒரு புது மஞ்சள் கயிற்றையும், தன் வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த தாலி, குண்டு, பவளம் எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்தாள். சென்னிமலையின் அம்மாவுடையது அது.

"நாலு வருசம் குடும்பம் பண்ணியிருக்கறீங்க. உங்க சம்சாரம் எப்படிப் போட்டிருந்தாங்களோ, அதே மாதிரி கோத்துக் காட்டுங்க."

இது என்ன விளையாட்டு என்றான் காளியண்ணன். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள் என்றாள். அந்த வார்த்தைதான் அவனைக் கிளப்பியது. கட்டினவளின் கழுத்து எனக்குத் தெரியாதா என்று கயிற்றை எடுத்தான். விரல் தடுமாறவில்லை. நடுவில் தாலி, அதை ஒட்டி இரண்டு குண்டு, அதற்கு வெளியே பவளம். பிணத்தின் கழுத்தில் இருந்த அதே கோர்வை.

கோர்த்து முடித்து நிமிர்ந்தான். கந்தம்மாள் நிதானமாகச் சொன்னாள்.

"அந்தப் புள்ள ஒரு நாளும் இப்படிப் போட்டதில்லீங்க. பவளந்தான் உள்ள இருக்கும். கூலிக்கு வந்த பொம்பளைங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்குது. நாலு வருசத்துல நீங்க ஒருக்காக்கூட அவ கழுத்தப் பாக்கல."

காளியண்ணன் கயிற்றைக் கீழே வைத்தான். பிறகு தண்ணீர் கேட்டான். பொழுது சாய்வதற்குள் எப்படிக் கொன்றான் என்பதைச் சொல்லிவிட்டான், ஏன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவனே கூட்டிப் போய் எருக்குழியில் கிளறிக் காட்டிய இடத்தில், அறுந்துபோன பழைய கயிறு கிடந்தது. நெரித்தபோது அறுந்துவிட்டது, தாலியில்லாமல் பிணம் கிடந்தால் சந்தேகம் வரும் என்று சாமி மாடத்தில் இருந்த புதுக் கயிற்றில் கோர்த்துக் கட்டியிருக்கிறான்.

ஏன் கொன்றான் என்பது அடுத்த நாள் குப்பாயி வாயிலிருந்து வந்தது. குப்பாயி அந்தத் தோட்டத்தில் வெகுகாலமாகக் கூலி வேலை செய்கிறவள். கந்தம்மாள் அவளைத் தேடி, அவள் குடியிருக்கிற வளவுக்கே போய், முறத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவளின் எதிரில் தரையில் உட்கார்ந்து, தானும் நாலு புளியை எடுத்துக்கொண்டாள். ஐந்து வருசத்துக்கு முன்னால் காளியண்ணனின் முதல் மனைவி பொன்னாத்தாள் வயிற்று வலி என்று தொழுவத்தில் தொங்கினாளே, அன்றைக்குச் சாயங்காலம் குப்பாயி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள். பொன்னாத்தாள் வாசலில் அசைவில்லாமல் கிடந்தாள். பக்கத்தில் காளியண்ணன். மயக்கம், போ என்று விரட்டினான். கொஞ்ச நேரம் கழித்து ஊரே தொழுவத்துக்கு ஓடியது. பிள்ளையில்லை என்று இன்னொருத்தியைக் கட்ட அவன் துடித்துக்கொண்டிருந்தது எல்லாருக்கும் தெரியும். பொன்னாத்தாள் அதற்கு வழிவிடவில்லை. இந்தத் தையில் குப்பாயி மனசு பொறுக்காமல் அதைக் கண்ணாத்தாளிடம் சொல்லிவிட்டாள். கண்ணாத்தாள் புருசனிடமே நேருக்கு நேர் கேட்டிருக்கிறாள்.

"நாஞ் சொன்னதுனாலதானே அந்தப் புள்ள செத்துச்சு அம்மிணி?" என்று குப்பாயி கேட்டாள்.

"அவன் கொன்னதுனால செத்துச்சு" என்றாள் கந்தம்மாள். "கோர்ட்ல வந்து இதையே சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்."

குப்பாயி வந்தாள். கூண்டில் ஏறி, பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னாள். சேலம் கோர்ட்டில் கண்ணாத்தாளைக் கொன்றதற்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பொன்னாத்தாள் வழக்கில் போதிய ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். கந்தம்மாளுக்கு அதில் கோபம்தான். ஆனாலும் தொழுவத்தில் தொங்கியவள் தானாகத் தொங்கவில்லை என்பது ஊரறியப் பேசப்பட்டது. பொன்னாத்தாளின் அண்ணன் தீர்ப்பன்றைக்கு வந்து, கந்தம்மாளைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கண்ணுசாமி ஓய்வு பெறும்வரை, பெண் செத்த இடங்களில் அக்கம்பக்கத்துப் பெண்களை விசாரிக்காமல் அவர் கையெழுத்துப் போடவில்லை. பின்னால் வந்தவர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. கந்தம்மாளைக் குமாரபாளையத்துக்கு மாற்றினார்கள். தண்டனை என்று நினைத்து மாற்றியிருப்பார்கள் போல. சென்னிமலைக்கு அங்கே நல்ல தறி வேலை கிடைத்தது. அவளுக்கு ஏட்டாகப் பதவி உயர்வும் வந்தது. ஆற்றோரமாக வீடு பிடித்தார்கள். சாயங்காலம் காற்று அடித்துக்கொண்டு போகும்.

ஒரு வருசத்துக்குள் குமாரபாளையம் ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் காலையிலேயே பெண்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். புருசன் அடிக்கிறான் என்று வந்தவர்கள் உண்டு. தங்கச்சி கடிதமே போடவில்லை, போய்ப் பார்த்துவிட்டு வரமுடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. இன்ஸ்பெக்டர் இருக்கிறார், உள்ளே போங்கள் என்று காவலுக்கு நிற்கிறவன் சொன்னால், இருக்கட்டும் சாமி, உசரமான அம்மிணி வரட்டும் என்பார்கள். கோழி களவு போனதைச் சொல்ல வந்தவள்கூட அப்படித்தான் காத்திருந்தாள்.