உட்காருகிற பிள்ளை

என் மருமகள் புருல் கடவுளிடம் பெரிதாக எதையும் கேட்டவள் இல்லை. முதல் இரண்டு பையன்களும் கைமீறிப் போனது போகட்டும், மூன்றாவதாவது ஓர் இடத்தில் உட்கார வேண்டும் என்று கேட்டாள். அவ்வளவுதான். படிக்க வேண்டாம், பெரிய ஆளாக வேண்டாம். கம்பளத்தின் மேல் வைத்தால் வைத்த இடத்தில் இருக்க வேண்டும்.

அவள் நாரின் என்கிற பட்டணத்துக்காரி. குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிற வீட்டில் வளர்ந்தவள். தையல் கடையில் நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்து வேலை பார்த்தவள். என் மகன் மைரம்பெக் கம்பளி விற்கப் போன இடத்தில் சட்டைக்குப் பொத்தான் வைக்கக் கொடுத்தான். பொத்தானோடு அவளும் வந்துவிட்டாள். முதல் கோடையில் எங்களோடு மேய்ச்சல் மலைக்கு ஏறியபோது கையில் ஒரு பூப்போட்ட குடை வைத்திருந்தாள். வெயில் அடித்ததும் படக்கென்று விரித்தாள். பதினேழு குதிரைகளும் ஒரே ஓட்டம். அவற்றைத் திருப்பிக் கொண்டுவர என் மகனுக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. அந்தக் குடையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன்.

அப்போதெல்லாம் அவள் ஓடியே நான் பார்த்ததில்லை. புல்லில் காலை வைப்பதற்கு முன் குனிந்து பார்த்து, யோசித்து, பிறகு வைப்பாள்.

பிறகு பையன்கள் பிறந்தார்கள்.

மூத்தவன் எர்மெக். அவனுக்கு எட்டு வயதில் ஒரு பல் ஆடியது. நூலைப் பல்லில் கட்டி, மறுமுனையைக் கன்றுக்குட்டியின் வாலில் கட்டிவிட்டு நின்றான். கன்று அசையவில்லை. அரை நாள் நின்றான். அவன் ஒரே இடத்தில் இருந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். கடைசியில் கோபம் வந்து கன்றின் காதைக் கடித்தான். பல் காதிலேயே நின்றுவிட்டது.

அடுத்தவன் சூயுன், ஆறு வயது. அவனுக்கு வாசல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எங்கள் கம்பளிக் கூடாரத்தின் உச்சியில் புகை போக ஓர் ஓட்டை உண்டே, அதன் வழியாகத்தான் வருவான். ஒரு நாள் நாங்கள் சூப்புக் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே இரண்டு கால் தொங்கியது. ஒரு காலணி சட்டியில் விழுந்தது. புருல் காலணியை எடுத்துப் போட்டுவிட்டுச் சூப்பை வடிகட்டினாள். நாங்கள் குடித்தோம். என்ன செய்வது, பசி.

என் மகனிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவன் பையன்களைக் காலையில் ஆற்றில் தள்ளிக் குளிப்பாட்டுவான். பனி உருகி வருகிற தண்ணீர். மழை பெய்தாலும் குதிரை மேல் ஏற்றி அனுப்புவான்.

"ஏங்க, மழை கொட்டுது. பிள்ளைங்களை உள்ள கூப்பிடுங்க."

"எதுக்கு? நனைஞ்சா கெட்டுப்போக அவனுங்க என்ன மாவா?"

ஆகவே பிடிப்பது புருலின் வேலை ஆயிற்று. காலையில் சட்டை போடப் பிடிப்பாள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிடிப்பாள். சாயங்காலம் கால் கழுவப் பிடிப்பாள். ஒருவனுடைய கால்சட்டை இடுப்பை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் மாவு பிசைகிற பெண்ணை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

இந்த இரண்டும் இப்படி ஆனதற்குக் காரணம் புருலுக்குத் தெரியும். நூல்தான் காரணம். பிள்ளை நடக்கப் பழகியதும், கருப்பும் வெள்ளையுமாக முறுக்கின கம்பளி நூலால் அதன் இரண்டு கால்களையும் கட்டி நிறுத்துவோம். தூரத்திலிருந்து மற்றப் பிள்ளைகள் ஓடிவருவார்கள். முதலில் வருகிறவர் கத்தியை வாங்கி நூலை அறுக்க வேண்டும். அறுத்தவரின் குணம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும். எர்மெக்கின் நூலை அறுத்தவன் நாய் துரத்தி, நாயே களைத்துத் திரும்பிப் போன பையன். நூல் அறுந்ததும் எர்மெக் நேராகக் கிளம்பி இரண்டு கூடாரம் தள்ளிப் போய் யார் வீட்டிலோ ரொட்டி தின்றுகொண்டிருந்தான். சூயுனின் நூலை அறுத்தவள் ராக்கியா, பக்கத்துக் கூடாரத்துக் கெனெஷ்பெக்கின் மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது. எல்லாரும் வேலியைச் சுற்றி ஓடிவந்தார்கள், அவள் வேலி மேல் ஏறிக் குதித்து வந்தாள். பிறகு சூயுன் எப்படி இருப்பான்?

இப்போது மூன்றாவது, டோலோன். பதினான்கு மாதம். எதையாவது பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டான். ராக்கியாவுக்குப் பன்னிரண்டு வயது. அந்தக் கோடையில் அவள் காளை மேல் ஏறி ஆற்றைக் கடந்திருந்தாள்.

"அம்மா," என்றாள் புருல் என்னிடம், "இந்தத் தடவை ராக்கியா அறுத்தான்னா நான் பட்டணத்துக்குப் போயிடுவேன். நிஜமாத்தான் சொல்றேன்."

"போ. பையனுங்களையும் கூட்டிட்டுப் போ."

அவள் போகவில்லை. பட்டணத்துக்கு ஆள் அனுப்பித் தன் அண்ணன் மகன் மேதரை வரவழைத்தாள். பத்து வயது. உருண்டையாக, வெள்ளையாக, வேகவைத்த முட்டை மாதிரி இருந்தான். வந்தவன் வாசலில் காலணியைக் கழற்றி ஜோடியாக வைத்தான், முனை வெளியே பார்க்கும்படி. பிறகு கேட்டான்: "அத்தை, கை கழுவ சோப்பு எங்க இருக்கு?"

எங்கள் கூடாரத்தில் ஒரு பையன் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததே இல்லை. புருல் முந்தானையால்— இல்லை, எங்களுக்கு ஏது முந்தானை, தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா, மேதர்தான் அறுக்கணும்."

"முதல்ல வர்றவன் அறுப்பான்."

"அவன்தான் முதல்ல வருவான்."

"அவனா? அவன் நடக்கிறதே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு."

"அதுதாம்மா எனக்கு வேணும்!"

"வேணும்னா ஜெயிக்கச் சொல்லு. பந்தயம்னா பந்தயம்தான். நான் விட மாட்டேன்."

மூன்று நாள் அவனுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தாள். அவன் கேட்டானே ஒரு கேள்வி: "எதுக்கு அத்தை ஓடணும்? டோலோன் எங்கயும் போக மாட்டானே, காலைத்தான் கட்டியிருக்கோமே."

ஓட்டம் வராது என்று தெரிந்ததும் புருல் வேறு வழிகளில் இறங்கினாள். கூடப் பிறந்த அண்ணன்மார் ஓடக் கூடாது என்று ஒரு வழக்கத்தைக் கண்டுபிடித்தாள். அப்படி ஒரு வழக்கம் எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலும் கிடையாது. எர்மெக்கையும் சூயுனையும் வேலி மேல் உட்காரவைத்து, இறங்கினால் ஒரு வாரம் குதிரை கிடையாது என்று சொல்லிவிட்டாள். காலையில் ஓடுகிற பிள்ளைகளையெல்லாம் உள்ளே அழைத்தாள். எண்ணெயில் பொரித்த ரொட்டி மலை மாதிரி. புளித்த குதிரைப்பால் வாளி வாளியாக. "சாப்பிடு கண்ணு, சாப்பிடு, இன்னொரு கிண்ணம் ஊத்தவா?" என்று ராக்கியாவுக்குத் தன் கையாலேயே ஊற்றினாள். ராக்கியா ஆறு கிண்ணம் குடித்தாள். புருல் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் என்னைப் பார்த்தாள்.

அதோடும் விடவில்லை. மேதரைப் பாதித் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அது ஏன் அங்க நிக்குது?" என்று கேட்டேன்.

"பட்டணத்துப் பையன்மா. மலைக் காத்து ஒத்துக்காது."

"பாதித் தூரத்துக் காத்து மட்டும் ஒத்துக்குமா?"

கெனெஷ்பெக் சிரித்துவிட்டு, "விடுங்கக்கா. அங்கிருந்து ஓடினாலும் என் மகதான் வருவா," என்றான். புருலுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

ஆற்றங்கரையில் ஒன்பது பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். இந்தப் பக்கம் கூடாரத்து முன்னால் டோலோன், கால் இரண்டும் கட்டுண்டு, அப்பன் விரலைப் பிடித்தபடி நின்றான். மைரம்பெக்கின் இன்னொரு கையில் கத்தி. தலைத்துணியை ஆட்டிப் பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் வேலையைப் புருல் கேட்டு வாங்கிக்கொண்டாள். ராக்கியா குனிந்து காலணி மாட்டுகிற நேரம் பார்த்து ஆட்டினாள். அதையும் நான் பார்த்தேன்.

ஓடினார்கள். பத்தடியில் ஒரு பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இருபதடியில் இரண்டு பேர். ரொட்டி தன் வேலையைச் செய்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள், ஒருத்தன் புல்லில் படுத்தே விட்டான். ராக்கியா மட்டும் வந்தாள். ஆறு கிண்ணமும் உள்ளே சளக் சளக்கென்று ஆடுகிற சத்தம் எனக்கே கேட்டது, ஆனாலும் வந்தாள்.

மேதரும் ஓடினான். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் தொடங்கினான். சேற்றில் ஒரு காலணி மாட்டிக்கொண்டது. நின்றான். திரும்பிப் போய்க் காலணியை எடுத்தான். உட்கார்ந்தான். முடிச்சை அவிழ்த்தான்.

"விடுடா அதை!" புருல் ஆற்றங்கரையிலிருந்து கத்தினாள். "அப்படியே ஓடுடா!"

"காலுறை அழுக்காகும் அத்தை!"

ராக்கியா அவனைத் தாண்டினாள்.

அப்போது புருல் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

ராக்கியாவைப் பிடித்து நிறுத்தத்தான் ஓடினாள். பிறகு சத்தியம் செய்து சொன்னாள், நான் நம்புகிறேன். ஆனால் அந்த ஓட்டம்! படுத்திருந்தவனைத் தாண்டிக் குதித்தாள். உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே புகுந்து வந்தாள். ஒரு ரப்பர் காலணி கழன்று பறந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. மேதர் இன்னும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேல் காற்று வீசின மாதிரி போனாள். வேலி மேலிருந்த இரண்டு பேரும் எழுந்து நின்றுகொண்டு கத்தினார்கள்.

"ராக்கியா, வளைஞ்சு ஓடு! நேரா ஓடினா அம்மா புடிச்சிடும்!"

"காலரைத்தான் புடிக்கும்! குனி! குனி!"

அனுபவஸ்தர்கள் சொன்னார்கள், ராக்கியா குனிந்தாள். காலருக்கு நீண்ட கை காற்றைப் பிடித்தது. வந்த வேகத்தில் புருலால் நிற்க முடியவில்லை. கால்கள் அவளைத் தூக்கிக்கொண்டு நேராக வந்து டோலோன் முன்னால் நிறுத்தின.

கூட்டம் வாயைப் பிளந்தது. என் மகன் கத்தியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் விழித்தான்.

"முதல்ல வந்தவங்க அறுக்கணும்," என்றான் கெனெஷ்பெக்.

"நான் ஓடலை!" என்றாள் புருல். மூச்சு வாங்கியது. "நான் புடிக்க வந்தேன்! மேதர் வரட்டும். அவன் வர்றான் பாருங்க, வந்துட்டே இருக்கான்."

மேதர் இரண்டாவது காலணியையும் சரிபார்த்துக்கொண்டிருந்தான். ராக்கியா வந்து சேர்ந்துவிட்டாள். "அக்கா ஓடலைன்னா நான்தான் முதல். குடுங்க மாமா கத்தியை," என்று கையை நீட்டினாள்.

புருல் என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்களேன் என்கிற பார்வை. எனக்கு அவள் மேல் உயிர். ஆனால் பந்தயம் பந்தயம்தான்.

"நீ வந்தே, இல்லேன்னா அவ வந்தா. மேதர் வரலை. சீக்கிரம் சொல்லு."

ராக்கியாவின் விரல் கத்திப் பிடியைத் தொட்டது. புருல் வெடுக்கென்று பிடுங்கி, மண்டி போட்டு, நூலை அறுத்தாள்.

எல்லாரும் கை தட்டினார்கள். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. முடியெல்லாம் அவிழ்ந்து முகத்தில் கிடந்தது. ஒரு காலில் காலணி இல்லை. முழங்கால் வரை சேறு. கையில் கத்தி. அந்தக் கோலத்தில் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"அம்மா, நான் அமைதியான ஆள்தானே?"

என் மகன் மலையைப் பார்த்தான்.

"தையல் கடையில என்னை எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. புருல் இருக்கிற இடமே தெரியாதுன்னு."

"அந்த புருலைக் கூப்பிட்டு அறுக்கச் சொல்லியிருக்கலாம்," என்றேன். நான் பொய் சொல்லிப் பழகவில்லை.

டோலோன் அப்பன் விரலை விட்டான். ஓரடி வைத்தான். இரண்டு. மூன்று. பிறகு தொப்பென்று உட்கார்ந்தான்.

"உட்கார்ந்தான்!" என்று கூவினாள் புருல். "பாத்தீங்களா? உட்கார்ந்துட்டான்! அம்மா, பாத்தீங்களா?"

பார்த்தேன். அவன் உட்கார்ந்து, இரண்டு காலணிகளையும் இழுத்துக் கழற்றி, ஒன்றை ராக்கியா மேல் எறிந்துவிட்டு, வெறுங்காலோடு எழுந்தான். எழுந்தவன் எங்களை ஒரு தடவை சுற்றிப் பார்த்தான். பிறகு பால் கறக்கக் கட்டியிருந்த குதிரைகளின் வயிற்றுக்குக் கீழே குறிவைத்து, கைகளை விரித்துக்கொண்டு குடுகுடுவென்று கிளம்பினான்.

"குதிரைக் காலுக்குள்ள போறானே!" என்றான் கெனெஷ்பெக். "யாராவது ஓடுங்கப்பா!"

ஒருத்தரும் அசையவில்லை. புருல் ஏற்கெனவே பாதி வழியில் இருந்தாள்.