டிராக்டருக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுத்தேன்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் கணியம்பாடிப் பக்கத்தில் முதன்முதலில் டீசல் டிராக்டர் ஓட்டியவன் நான்தான். இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவன், அங்கிருந்த ஆயில் எஞ்சினைப் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றேன். என் பேரைக் கேள்விப்பட்டுத்தான் கணியம்பாடி மிராசுதார் தன் புது டிராக்டரை ஓட்டச் சொல்லி ஆள் அனுப்பினார்.

துணிமணி எடுக்க நான் ஆம்பூர் போயிருந்தபோது, புது வண்டிக்குக் கிடா வெட்டிப் பூஜை போட்டுவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் வண்டி முழுக்க மாலையும் மஞ்சளும். ஏறி உட்கார்ந்து ஏரிக்கரைக் களிமண்ணில் கலப்பையை இறக்கினேன். பத்தடி போகவில்லை, கரும்புகை கக்கிக்கொண்டு நின்றது.

பக்கத்து நிலத்துக்காரர் தன் மாடுகளை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “இன்னாப்பா, இரும்பு மாட்டுக்கு பேதியா?”

வரப்பிலிருந்து மிராசுதார் முதலாளி கத்தினார். “எண்ணெய ஜாஸ்தி உடுடா!”

எண்ணெய் விடும் திருகைத் திருப்பி விட்டேன். புகைதான் ஜாஸ்தியானது, இழுவை இன்னும் கம்மி.

“இருட்டறதுக்குள்ள இந்தக் காணிய ஓட்டி முடிக்கல, வண்டியத் திருப்பி அனுப்பிடுவேன். நீயும் உன் சுண்ணாம்புத் தொட்டிக்கே போய்டு.”

என் மூளை வேலை செய்தது. விறகைத் திணித்துவிட்டு ஊதாமல் இருந்தால் அடுப்பு புகையத்தானே செய்யும்? காற்று இழுக்கும் குழாயின் மேல் கிடந்த மாலையை விலக்கினேன். குழாய் வாயில் ஆட்டுத்தோல்!

“இது இன்னா முதலாளி?”

“அம்மனுக்கு வெட்டின கிடாத் தோல்டா. தூசி போவக் கூடாதுன்னு நானே ஊசியால ஓட்ட குத்திக் கட்னேன். அதுல கை வெக்காத.”

பதனிடாத தோல் வெயிலில் காய்ந்தால் பலகை மாதிரி விறைத்துவிடும். ஊசி ஓட்டையெல்லாம் மூடிக்கொண்டிருந்தது. மிச்சத்தை மஞ்சள் அடைத்திருந்தது. இதை எனக்கா சொல்லித்தர வேண்டும்!

“கோச்சிக்காதீங்க முதலாளி. உங்க மூக்குல இதக் கட்டினா நீங்க ஏர் ஓட்டுவீங்களா?”

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளி முகம் சிவந்தது.

“தூசி போனா?”

“அதப் புடிக்கத்தான் வண்டி செஞ்சவன் அடியில எண்ணெக் கிண்ணம் வெச்சிக்கிறான். அம்மன் எதுக்குப் பொகையில ஒக்காந்து பேஜாராவணும்? தோல வண்டிக்கு முன்னால கட்டுவோம். வழி காட்டட்டும்.”

கொஞ்சம் யோசித்துவிட்டு, அவரே கன்னத்தில் போட்டுக்கொண்டு தோலை அவிழ்த்து வண்டியின் முன்னால் கட்டினார். நான் கிண்ணத்தைக் கழுவிப் புது எண்ணெய் ஊற்றினேன். திருகையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன்.

எஞ்சின் உறுமிய உறுமலில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. களிமண் வெண்ணெய் மாதிரி பிளந்தது. வெளிச்சம் இருக்கும்போதே காணியை முடித்துவிட்டேன்.

மாடுகளைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தார் பக்கத்து நிலத்துக்காரர். “ஐயா, இது எங்க நெலத்துக்கு எப்ப வரும்?”

“என்ன எதுக்குக் கேக்கற? அவனக் கேளு. இனிமே வண்டி அவன் கையில” என்றார் முதலாளி.

நான் ரொம்ப வேலை இருக்கிறவன் மாதிரி வானத்தைப் பார்த்தேன்.