எனக்கு இன்னைக்கு எந்த அணி?

பட்டிமன்றப் பேச்சாளருக்குத் தொண்டை கட்டிக்கிட்டா மிளகுப்பால் இருக்கு, சொந்த அபிப்பிராயம் கட்டிக்கிட்டா வைத்தியமே கிடையாது. பன்னெண்டு வருஷமா மேடை ஏறி எறங்குன அனுபவத்துல சொல்றேன். உங்கள்ல யாராவது ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு சொல்லியே வாழ்க்கையைக் கெடுத்துக்கிட்டவங்க இருந்தா, வாங்க, பக்கத்துல உக்காருங்க.

எங்க குழு ரொம்பச் சின்னது. நடுவர் கலியபெருமாள் ஐயா சிதம்பரத்துக்காரர், ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவர். எனக்கு எதிர்ல பேசுறவர் அந்தோணி சார், கடலூர் முதுநகர்ல கணக்கு வாத்தியார். அப்புறம் நான், கடலூர் செல்வராணி. இந்த ஒண்ணரை வருஷமா எங்க போனாலும் ஒரே தலைப்புதான் கேக்குறாங்க: "நிம்மதியான வாழ்க்கை மாநகரிலா, புறநகரிலா?" யாருக்கு எந்த அணின்னு ஐயா கார்ல ஏறினப்புறம்தான் சொல்லுவாரு. அதனால ரெண்டு பக்கத்துக்கும் பாயிண்ட் எழுதி, ஒண்ணை வலது கைப்பையிலயும் ஒண்ணை இடது கைப்பையிலயும் வச்சிருப்பேன்.

இது தொழில், போனாப் போவுதுன்னு விட்டுருக்கலாம். ஆனா எங்க வூட்லயே இந்தத் தலைப்பு வந்து நின்னுச்சு. எங்க வூட்டுக்காரர் என் அத்தை மவன்தான், அதனால கல்யாணத்துக்கு முன்னயும் பின்னயும் எனக்கு மாமாதான். சிப்காட்ல ஒரு கம்பெனியில சூப்பர்வைசர். சென்னைக்கு மாத்தல் தர்றோம், வர்றியா இல்லையான்னு மூணு மாசத்துல சொல்லுன்னு கம்பெனியில கேட்டாங்க. நெல்லிக்குப்பம் ரோட்டுல நாங்க வூடு கட்டிக் குடி வந்து ஒரு வருஷம்கூட ஆவல, மவ பதினொண்ணாவது படிக்குது. மாமா ஒரே வார்த்தையில தள்ளி வுட்டுட்டாரு: "ஊர் ஊராப் போயி இதைத்தான பேசுற? நீயே ஒரு முடிவு சொல்லு. நீ சொல்றதுதான்."

அந்த மூணு மாசம் நான் பட்ட பாடு இது.

அந்தப் புறநகர் எங்க இருக்கு?

முதல் வாரமே தாம்பரம் தாண்டி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல ஆண்டு விழா. கூப்புட்டவங்க புறநகர்வாசிங்க, அதனால புறநகர்தான் ஜெயிக்கும்னு கார் திண்டிவனம் தாண்டும்போதே எனக்குத் தெரியும். எனக்கும் புறநகர் அணியே கெடைச்சுது. அடேயப்பா, விட்டேனா! ஜன்னலைத் தொறந்தா காத்து, கதவைத் தொறந்தா கிளி, பக்கத்து வூட்டு ரசம் நம்ம வூட்டு சோத்துலன்னு அடிச்சு வுட்டேன். நான் கிளியைப் பத்திப் பேசுறப்போ தண்ணி லாரி ரெண்டு உள்ள வந்து ரிவர்ஸ் எடுத்துச்சு. அந்த பீப் பீப் சத்தத்துக்கு மேல கத்திப் பேசவேண்டியதாப் போச்சு.

தீர்ப்பு புறநகருக்கே. பொன்னாடையோட மேடையை விட்டு எறங்குறேன், நைட்டிக்கு மேல துப்பட்டா போட்ட ஒரு அம்மா காபி டம்ளரை நீட்டினாங்க. காலையில ஆறு மணிக்குக் கெளம்பினா ஒன்பதரைக்குத்தான் ஆபீஸ் போய்ச் சேருவாங்களாம். என் கையைப் புடிச்சுக்கிட்டு ரொம்ப அக்கறையாக் கேட்டாங்க: "மேடம், நீங்க சொன்ன அந்தப் புறநகர் எங்க இருக்கு? நாங்களும் அங்கேயே வந்துடறோம்."

எந்தப் பக்கம் கைதட்டுறது?

அதைக் கேட்டதுல இருந்து, சரி, சென்னைக்குப் போனா ஊருக்கு நடுவுல போயிடணும், இல்லன்னா போகவே கூடாதுன்னு தோணுச்சு. அந்த நெனப்போட அடுத்த வாரம் எங்க கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு கல்யாண மண்டபத்துல மேடை ஏறினேன். மறுபடியும் எனக்குப் புறநகர். சொந்த ஊரு, கேக்கணுமா? மாநகர்னா குப்பை, மாநகர்னா கொசு, மாநகர்னா மூக்கைப் பொத்திக்கிட்டு நடக்குற சாக்கடைன்னு போட்டுத் தாக்குறேன். ஒருத்தரும் கைதட்ட மாட்டேங்குறாங்க. அந்தோணி சார் வேற எதிர்ல உக்காந்துக்கிட்டு மெதுவாச் சிரிக்கிறாரு.

மூணாவது வரிசையில வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் எழுந்தாரு. நல்ல மரியாதையாத்தான் கேட்டாரு. நான் நடுவரைப் பாத்தேன், நடுவர் தண்ணி பாட்டிலைத் தொறந்து குடிக்க ஆரம்பிச்சாரு. அரை பாட்டில் காலி ஆவுற வரைக்கும் குடிச்சாரு. பெரியவர் கேட்டது இவ்வளவுதான்: "ஏம்மா, கடலூரும் மாநகராட்சி ஆயி வருஷக்கணக்காவுது. இப்போ நாங்க எந்தப் பக்கம் கைதட்டணும்?"

பலாச்சுளை

எங்க வூடு இருக்குற எடத்துக்கு என்ன பேருன்னே எனக்குக் கொழப்பம் வந்துடுச்சு. போர்டுல 'நகர்'னு போட்டிருக்கு. வாசல்ல மாடு நிக்குது. எதிர்ல வயலு, வயலுக்கு நடுவுல பிளாட்டு கல்லு. இதை மாநகர்ங்கறதா, புறநகர்ங்கறதா, இல்ல நாளைக்குப் பாத்துக்கலாம்னு வுடுறதா? மாமாகிட்ட கேட்டா, "பஞ்சாயத்தைக் கூட்டாத, போஸ்ட்மேன் கரெக்டாத்தான வர்றாரு"ன்னுட்டாரு.

பண்ருட்டியில வியாபாரிங்க சங்க விழாவுல எனக்கு மாநகர் அணி வந்துச்சு. சுத்தத்தைக் கையில எடுத்தேன். மெட்ரோ ஸ்டேஷன் தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம், நம்ம ஊர்ல தட்டுல போட்டாலே ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் சாப்பிடணும்னு சொன்னேன். நம்ம ஆளுங்களுக்குக் குப்பைத்தொட்டி கண்ணுக்கே தெரியாதுன்னு வெளாசினேன். அரங்கமே அதிருச்சு. ஆளுக்கு ஒரு பலாப்பழம் குடுத்து அனுப்புனாங்க.

திரும்பி வர்றப்போ ஒரு பழத்தை வெட்டி மடியில வச்சுக்கிட்டோம். என்ன ருசிங்கறீங்க! நெல்லிக்குப்பம் வர்றதுக்குள்ள கால்வாசி உள்ள போயிடுச்சு. கொட்டையும் சடை நாரும் கையில பிசுபிசுன்னு ஒட்டுது. கண்ணாடியை எறக்கி ரோட்டு ஓரமா வீசிட்டேன், நெசமாவே யோசிக்காம, கை தானாப் போயி. வண்டி ஓட்டுற பாலு கண்ணாடியில என்னைப் பாத்தாரு, ஸ்பீடைக் கொறைச்சாரு, "யக்கா, இப்போ நீங்க எந்த அணி?"

மெட்ரோக்காரம்மா

அந்தப் பண்ருட்டிப் பேச்சை யாரோ செல்போன்ல எடுத்து வாட்ஸ்அப்ல சுத்த வுட்டுட்டாங்க. அதுல டவுன் பஸ்ஸைப் பத்தி நான் ஒரு நிமிஷம் பேசியிருப்பேன்: மெட்ரோவுல ஏறினா ஏசி மூஞ்சில அடிக்கும், டவுன் பஸ்ல ஏறினா பக்கத்து ஆளு கொடை முதுகுல குத்தும்னு. சிரிப்புக்குச் சொன்னதுதான். ஒரு வாரம் கழிச்சு ஆலப்பாக்கத்துல ஒரு வளைகாப்புக்குப் போகத் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். பஸ் வந்துச்சு, நல்ல கூட்டம். படியில கால் வச்சேன், கண்டக்டர் என்னைக் கண்டுபுடிச்சுட்டாரு.

ஆனா பாருங்க, உள்ள போனதும் முன்ன பின்ன தெரியாத ஒரு அம்மா என் பையைக் கேக்காமயே வாங்கி மடியில வச்சுக்கிச்சு. இன்னொருத்தி நகந்து எடம் குடுத்தா. ஆலப்பாக்கம் வர்றதுக்குள்ள நான் யாரு, எந்தத் தெரு, மாமா என்ன வேலை, மவ எந்த குரூப்பு, ஏன் ஒரே புள்ளையோட நிறுத்திட்டேன், எல்லாம் கேட்டு முடிச்சுட்டாங்க. அது பாசமா போலீஸ் விசாரணையான்னு எனக்கு இன்னும் வெளங்கல. எறங்குறப்போ கண்டக்டர் விசில் அடிச்சு, பஸ் முழுக்கக் கேக்கறாப்புல சொன்னாரு: "எல்லாரும் தள்ளி நில்லுங்கப்பா, மெட்ரோக்காரம்மா எறங்குறாங்க, கொடை குத்திடப் போவுது!"

அழுகை பாயிண்ட்

கேலிக்கு ஆளானாலும் அந்த பஸ்தான் எனக்கு முடிவைக் குடுத்துச்சு. பையை வாங்கி மடியில வச்சுக்கிற ஊரை விட்டுட்டு எங்க போறது? வேணாம், சென்னை வேணாம். பதில் சொல்றதுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கு, ஞாயித்துக்கெழமை. அன்னைக்குச் சிதம்பரத்துல மேலவீதிப் பக்கம் ஒரு வாசகர் கூட்டத்துல பேச்சு. மாமா என் பட்டிமன்றத்துக்கு வந்ததே கெடையாது, ஷிப்டு இருக்கும், இல்லன்னா தூக்கம் இருக்கும். அன்னைக்கு லீவு, "ஒரு தடவை கேட்டுத்தான் பாக்கறனே"ன்னு கூட வந்தாரு. முடிஞ்சு திரும்புறப்போ தோசை சாப்புட்டுக்கிட்டே முடிவைச் சொல்லிடலாம்னு நெனச்சேன்.

சொந்த ஊருங்கறதால கலியபெருமாள் ஐயா அன்னைக்கு மேடைக்குப் பின்னாலதான் வந்து, "செல்வராணி, நீ இன்னைக்கு மாநகர்"ன்னாரு. சரிங்க ஐயான்னு எடது கைப்பையைத் தொறந்தேன். மாமா நாலாவது வரிசையில கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. வழக்கம்போல ஆரம்பிச்சேன்: மஞ்சக்குப்பத்துல நான் தனியா நின்னு ஒரு டீ குடிச்சா, கிளாஸைக் கழுவறதுக்கு முன்ன எங்க அத்தைக்குப் போன் போயிடும், உங்க மருமவ ஏன் டீக்கடையில நிக்குது, வூட்ல ஏதாவது சண்டையான்னு. சனம் சிரிச்சுது. அடுத்தது மெட்ரோ ஸ்டேஷன் காபி. போன மார்கழியில சென்னையில ஒரு கூட்டம் முடிஞ்சு, ஸ்டேஷன்ல இருக்குற கடையில காபி வாங்கிக்கிட்டு பெஞ்சுல உக்காந்தேன். அரை மணி நேரம். ஏன் உக்காந்திருக்கன்னு ஒருத்தரும் கேக்கல. "நாப்பத்திரெண்டு வயசுல அன்னைக்குத்தாங்க நான் சும்மா உக்காந்தேன்" அப்படின்னு சிரிச்சுக்கிட்டே சொல்லணும். பாயிண்ட் அப்படித்தான் எழுதியிருந்தேன். வாய் தொறந்தேன், சிரிப்பு வரல. கண்ணு பொலபொலன்னு கொட்டிடுச்சு. மைக்கைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறேன், எனக்கே ஒண்ணும் புரியல.

கைதட்டு நிக்கவே இல்ல. அப்பவும் தீர்ப்பு புறநகருக்குத்தான் போச்சு, ஐயா நல்ல மனுஷன், சிதம்பரத்துல வேற தீர்ப்பு சொல்லிட்டு அவரு வூட்டுக்கு எப்படிப் போவாரு? மேடைக்குப் பின்னால மூஞ்சைத் தொடைச்சுக்கிட்டு இருக்கேன், அந்தோணி சார் வந்து பக்கத்துல நின்னாரு. ஆறுதல் சொல்லப்போறாருன்னு பாத்தா, குரலைத் தாழ்த்திக்கிட்டு, "மேடம், அந்த அழுகை பாயிண்ட் நல்லா எடுபடுது. அடுத்த வாரம் எனக்கு மாநகர் வந்தா நான் எடுத்துக்கட்டுமா?"

ஐயாவா குடுத்தாரு?

தோசைக் கடையில உக்காந்தோம். மாமா வழக்கத்துக்கு ஜாஸ்தியா ரெண்டு சட்னி கேட்டு வாங்கி என் பக்கம் நகத்தி வச்சாரு. அப்பவே ஏதோ இருக்குன்னு எனக்குப் பட்டுச்சு. "கம்பெனிக்கு மெயில் போட்டுட்டேன் ராணி, வர்றோம்னு. நீ மேடையை விட்டு எறங்குறதுக்குள்ள அனுப்பிட்டேன். உம்மனசுல இவ்வளவு இருக்குன்னு தெரியாமப் போச்சே எனக்கு, இருவது வருஷமா"ன்னாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு மனுஷனுக்கு.

கையில எடுத்த தோசையைத் தட்டுலயே போட்டுட்டேன். ஐயோ மாமா, வூடு? அத்தை? பொண்ணோட ஸ்கூலு? நான் வேணாம்னு சொல்லத்தானே வந்தேன்! "மாமா, அது எனக்குக் குடுத்த அணி. புறநகர் குடுத்திருந்தா அதுக்கும் இதே மாதிரி பேசியிருப்பேன். கலியபெருமாள் ஐயா குடுத்தது மாமா"ன்னு அழாத கொறையாச் சொன்னேன். அவரு கோவப்படல. போனை எடுத்து மேசை மேல வச்சாரு, வேணும்னா இப்பவே வேற மெயில் போடறேன்னாரு. போடுங்கன்னு சொல்ல வாயைத் தொறந்தேன், அந்தப் பெஞ்சும் காபியும் கண்ணு முன்ன வந்து நின்னுச்சு, தொறந்த வாயில தோசையைப் போட்டுக்கிட்டேன். மாமா ரொம்ப மெதுவாக் கேட்டாரு: "பேச்சு ஐயா குடுத்தது, சரி. அழுதியே, அதையும் ஐயாவா குடுத்தாரு?"

இப்போ அட்டைப்பெட்டி வாங்கியாந்து சாமானெல்லாம் அடுக்கிக்கிட்டு இருக்கேங்க, எந்த அணிக்காக அடுக்குறேன்னுதான் இன்னும் பிடிபடல.