பிரேக்கு இன்னும் சரியாகலண்ணே

மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் வாசனை வந்தால் மற்றவர்களுக்குத் தீபாவளி நினைவுக்கு வரும். எனக்குத் தீபாவளியோடு ஒரு கருப்புக் காரும், அதன் நான்கு சக்கரங்களும், வைக்கோற்படப்புக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு அது நின்ற கோலமும் சேர்ந்தே நினைவுக்கு வரும். பழைய கார் மீது எனக்கிருக்கும் பித்தைப் பற்றிப் பேச்செடுக்கிறவர்கள் எல்லோரும், அது அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டு, பாலிஷ் போட்ட பானெட்டைத் தடவிப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அப்படி இல்லை. அந்தப் பித்து என்னிடமிருந்துதான் அப்பாவுக்குப் போனது, அதுவும் என்னுடைய ஒரு முட்டாள்தனத்தால்.

எழுபதுகளின் கடைசி அது. நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வாடிப்பட்டிக்குப் பக்கத்தில், பெரியாறு வாய்க்கால் தண்ணீரில் இரண்டு போகம் விளையும் ஊர் எங்களுடையது. அம்மாவைப் பெற்ற தாத்தா, ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து அந்தக் காரை வாங்கியிருந்தார். தாத்தாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது. அவர் காலத்துக்குப் பிறகு கார் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. "சீமைக்கார்" என்றுதான் வீட்டில் அதற்குப் பெயர். முகப்பில் இரண்டு உருண்டை விளக்குகள், கதவுக்குக் கீழே ஒரு ஆள் நிற்கும் அளவுக்குப் படிப்பலகை, உள்ளே பழைய தோலும் பாச்சை உருண்டையும் கலந்த ஒரு வாசனை.

அப்பாவுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. மாமனார் வீட்டிலிருந்து வந்த பொருள் என்பதுதான் காரணம். முதன்முதலில் அவர் அதை ஓட்டிக்கொண்டு கடைவீதிப் பக்கம் போன அன்றைக்கு டீக்கடையில் உட்கார்ந்திருந்த யாரோ, "மாமனார் வண்டியில மாப்ள வாராரு, எந்திரிச்சு வழிய விடுங்கப்பா" என்று சொல்லியிருக்கிறார்கள். சாதாரணக் கேலிதான், ஆனால் அப்பாவின் ரோஷம் சாதாரண ரோஷம் இல்லை. அன்றைக்கே கார் வண்டிக் கொட்டத்துக்குப் போனது. அம்மா கேட்டுக்கொண்டதற்காக மாதம் ஒருமுறை ஹேண்டில் போட்டு எஞ்சினை உறுமவிட்டு அணைப்பதோடு சரி, மற்றபடி அவர் சைக்கிளில்தான் போவார். காரின் பின் சீட்டில் விதைநெல் மூட்டை ஏறியது. ஒரு வருஷம் எங்கள் பெட்டைக்கோழி அதிலேயே அடைகாத்துப் பதினோரு குஞ்சு பொரித்தது.

எனக்கு மட்டும் அது குடியிருப்பாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு ஸ்டீயரிங் முன்னால் ஏறி உட்கார்ந்துகொள்வேன். எந்தக் குமிழை இழுத்தால் எது அசையும், எந்தக் கதவு எந்தச் சத்தத்தோடு மூடும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது "கைகாட்டி". இப்போதைய வண்டிகளில் விளக்கு மினுக்குகிறதே, அதற்குப் பதிலாக அந்தக் காரில் கதவுக்குப் பக்கத்திலிருந்து சாண் நீளத்துக்கு ஒரு சின்னக் கை, டக்கென்று வெளியே நீண்டு, திரும்பப் போகிற திசையைக் காட்டும். பேட்டரியில் உயிர் இருக்கிற நாட்களில் அதை நீட்டி மடக்கி நீட்டி மடக்கி, இருந்த கொஞ்ச உயிரையும் நான்தான் வாங்கியிருக்கிறேன்.

அந்த வருஷம் தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு, மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் தன் மகன் கல்யாண ஊர்வலத்துக்கென்று இந்தக் காரைக் கேட்டு ஆள் அனுப்பினார். வாடகைக்கு அல்ல, விலைக்கே கேட்டார். அப்பா உடனே சம்மதித்துவிட்டார். தீபாவளிக்கு மறுநாள் அவரே நேரில் வந்து பார்த்து ஓட்டிப்போவதென்று பேச்சு. அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் இரண்டு நாள் கொஞ்சம் பலமாகக் கேட்டது. நான் காருக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். அப்பாவிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை. அவர் அடிக்கிறவர் இல்லை, ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிறவரும் இல்லை.

தீபாவளியன்று விடிவதற்கு முன்பே அம்மா எங்களை எழுப்பி உட்காரவைத்து எண்ணெய் தேய்ப்பாள். அப்பாவுக்கு, எனக்கு, தம்பிக்கு, அது முடிந்ததும் உழவுமாடு இரண்டுக்கும் நெற்றியிலும் கொம்பிலும் ஒரு கை. அன்றைக்கு எண்ணெய் படாத உருப்படி எங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. கார் மட்டும் வறண்டு நின்றது. நாளைக்குப் போகப்போகிறது, போகிறபோது எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமலா போவது என்று எனக்கு மனசு கேட்கவில்லை. சட்டியில் மீதமிருந்த எண்ணெய்யை எடுத்துக்கொண்டு கொட்டத்துக்குப் போய், முதலில் பானெட்டின் மேல் மூன்று பொட்டு வைத்தேன். பிறகு சக்கரத்தின் மூடியைத் திருப்புளியால் நெம்பினேன். உள்ளே விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை தெரிந்தது. எங்கள் பம்புசெட்டில் அப்பா எண்ணெய் விடுகிற துளை அப்படித்தான் இருக்கும். அதற்கு எண்ணெய் ஊற்றினால் சத்தமில்லாமல் ஓடும் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆகவே ஒரு சக்கரத்தையும் விடாமல் நான்குக்கும் சமமாகப் பங்கிட்டு ஊற்றிவிட்டு, மூடியை முழங்கையால் தட்டிப் பொருத்திவிட்டு, புதுப் பாவாடை கட்டிக்கொள்ள ஓடிவிட்டேன்.

மறுநாள் ஜவுளிக்கடைக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அப்பா காரை ஸ்டார்ட் செய்து கொட்டத்திலிருந்து வெளியே எடுத்தார். அங்கிருந்து நெல் அடிக்கிற களம்வரை சற்றே சரிவு. வந்தவர் களத்தின் நடுவே கையைக் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்காரரின் களையோடு நின்றிருந்தார். அப்பா பிரேக்கை மிதித்தார்; கார் வந்துகொண்டே இருந்தது. கைப்பிரேக்கை இழுத்தார், அதுவும் பிடிக்கவேண்டியது எண்ணெய் குளித்த அதே சக்கரங்களைத்தானே. வேகம் ஒன்றும் பெரிதாக இல்லை, ஒரு மாடு நடக்கிற வேகம்தான், ஆனால் நிற்கவும் இல்லை. கடைக்காரர் வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் துள்ள, கோழிகள் இன்னொரு பக்கம் பறக்க, கார் நேரே போய் வைக்கோற்படப்புக்குள் பாதிவரை நுழைந்து, அப்புறந்தான் ஓய்ந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பிரேக்கைச் சரிசெய்து வைக்கும்படியும், பிறகு வந்து பார்ப்பதாகவும் சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

அந்த வாரம் முழுக்க அடைமழை, வயலில் இறங்க வழியில்லை. அப்பா கொட்டத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, பம்புசெட்டுக்கு வைத்திருந்த சாமான்களைக் கொண்டு முதல் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளிருந்த இரும்புச் சட்டி போன்ற மூடியை இழுத்ததும் குப்பென்று வாசனை அடித்தது. மிளகு ஒன்று அவர் கால்மாட்டில் உருண்டு விழுந்தது. அதை எடுத்துக் கடித்துப் பார்த்தார். பிறகு தூணுக்குப் பின்னால் நின்றிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"எண்ணெ தேச்சுவிட்டியாத்தா காருக்கு?"

தலையை ஆட்டுவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் விரலில் இருந்த எண்ணெயைச் சாக்கில் துடைத்தார்.

"சீயக்காயப் போட மறந்துட்டியே" என்றார்.

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் அடுக்களையிலிருந்து அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும், எண்ணெய் போகவேண்டுமென்றால் சீயக்காய்தான் என்று அவள் நிஜமாகவே ஒரு கிண்ணம் கரைத்துக் கொடுத்தாள். அப்பா தட்டாமல் வாங்கித் தேய்த்தார். இரும்பில் இருந்த பிசுக்கு போனது. பிரேக் கட்டையில் ஊறியது மட்டும் போகவில்லை, காயக் காய மறுபடி கசிந்தது. அப்பா மதுரைக்கு பஸ்ஸில் போய் அந்தக் கட்டைகளுக்குப் புதுசாகப் பட்டை அடித்து வாங்கிவந்தார்.

ஆனால் அந்த மழை நாட்களில் நடந்தது பிரேக் வேலை மட்டுமில்லை. ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் கழற்றித் துடைத்து வரிசையாக வைத்துவிட்டு, அப்பா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "எவனோ ஒருத்தன், யாரு கண்ணுக்கும் தெரியாத எடத்துல இம்புட்டு நேர்த்தியாச் செஞ்சு வச்சிருக்கான் பாரு." அவர் குரலில் அந்தக் காரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு டாஷ்போர்டில் இருந்த ஒரு குமிழைக் காட்டி, அது எதற்கு என்று கேட்டார். நான் சொன்னேன். அடுத்ததைக் கேட்டார், அதையும் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்துக் கடைசியாகத்தான் கைகாட்டியைக் காட்டினேன். அந்தச் சின்னக் கை டக்கென்று நீண்டதும் அப்பா என்னைப் பார்த்தார். பத்து ஏக்கர் விவசாயம் பார்க்கிற, ஊர் பஞ்சாயத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிற மனிதர், அதை இன்னொருமுறை செய்யச் சொன்னார். அப்புறம் என்னை நகரச் சொல்லிவிட்டுத் தானே செய்தார்.

மழை விட்டதும் வாய்க்கால் கரை ரோட்டுக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். தோள் துண்டை ரோட்டில் போட்டுவிட்டு, தூரத்திலிருந்து ஓட்டிவந்து, டயர் அதைத் தொடாமல் நிறுத்திப் பார்த்தார். முதல் தடவையே நின்றது. ஆனாலும் பத்துத் தடவை நிறுத்தினார், ஐந்தாவதற்கு மேல் அது சோதனை இல்லை என்று எனக்கே தெரிந்தது.

மறுநாள் ஜவுளிக்கடைக்காரர் வந்தார். என் அப்பாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். விதைநெல் வாங்க வருகிறவரிடம், இந்தத் தடவை பதர் கொஞ்சம் இருக்கிறது, பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று தானாகவே சொல்லுகிற மனிதர் அவர். பொய் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. வந்தவருக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, துண்டை ஒருமுறை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டத்தின் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"பிரேக்கு இன்னும் சரியாகலண்ணே."

கடைக்காரர் நம்பாமல் என் பக்கம் திரும்பினார். "அப்படியா பாப்பா?"

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா" என்றேன். கதவுக்குப் பின்னால் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வந்தவருக்கு அன்று கிடைத்த காபியில் சர்க்கரை தாராளமாக இருந்திருக்கும். அவர் இன்னும் இரண்டு முறை வந்தார், இரண்டு முறையும் பிரேக் சரியாகவில்லை. கடைசியில் அவர் மகன் வேறு ஏதோ காரில் ஊர்வலம் போனான்.

அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. தம்பி தன் பம்பரத்தைத் தரமாட்டான் என்றால், அம்மா தன் பித்தளைக் குண்டானைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுக்க விருப்பமில்லை என்றால், "பிரேக்கு இன்னும் சரியாகல" என்று சொன்னால் போதும். அப்பா அடுத்த இருபத்தைந்து வருஷம் அந்தக் காருக்காகப் பழைய இரும்புக் கடைகளாக ஏறி இறங்கினார். மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாள் அலங்காநல்லூருக்கு அதில்தான் போவோம். காளை பார்க்க வந்த கூட்டத்தில் பாதி எங்கள் காரைச் சுற்றி நிற்கும். யாருடைய கார் என்று கேட்டால், முன்பு எந்த வார்த்தைக்காகக் காரைக் கொட்டத்தில் அடைத்தாரோ அதே வார்த்தையை அவரே சொல்லுவார்: "எங்க மாமனார் வண்டி." எனக்கு அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பதில்தான். ரோஷத்தை விட்டுக்கொடுத்துச் சந்தோஷத்தை வாங்கிக்கொள்ளத் தெரிந்த ஆம்பிளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்பா போய்ப் பல வருஷமாகிறது. அந்தக் கொட்டமும் களமும் இருந்த இடத்தில் இப்போது மனைக்கற்கள் நட்டிருக்கிறார்கள். துண்டைப் போட்டு நிறுத்திப் பார்த்த கரை ரோட்டில் லாரி போகிறது. கார் மட்டும் மதுரையில் என் வீட்டுப் போர்டிகோவில் நிற்கிறது. எனக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, கிளட்சை மிதித்தால் வலி இடுப்புவரை ஏறுகிறது. என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவள் இந்தக் காரை ஏறெடுத்துப் பார்த்ததில்லை, ஏசி இல்லாத வண்டி என்பாள். ஆகவே போன மாதம் நானே தீர்மானித்தேன். கொடைக்கானல் போகிற வழியில் ஓட்டல் கட்டுகிற ஒருவர், வாசலில் அலங்காரத்துக்கு நிறுத்திவைக்க ஒரு பழைய கார் தேடிக்கொண்டிருந்தார். வரச் சொல்லிவிட்டேன்.

அவர் வந்த ஞாயிற்றுக்கிழமை மகளும் விடுமுறைக்கு வந்திருந்தாள். அவர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் படிக்கட்டில் நின்றிருந்த மகள் பேசினாள்.

"பிரேக்கு இன்னும் சரியாகலண்ணே."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மேலே போர்டிகோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள். முழங்கைவரை கருப்பாக கிரீஸ் அப்பியிருந்தது. காலையிலிருந்து ஆளைக் காணோமே என்று நான் தேடியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவர் நம்பாமல் என் பக்கம் திரும்பி, அப்படியா அம்மா என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.