டிரிப் படியும் வேலாயுதம் அண்ணாச்சியும்

மதியச் சாப்பாட்டுக்காக என் அரிசி மில்லை நிறுத்தியிருந்தோம். முத்தையா வாசலில் வந்து நின்றார். தென்காசியிலிருந்து வடகரைக்கு லேசில் வருகிற ஆளில்லை அவர். “நம்ம மானேஜர் அண்ணாச்சி போயிட்டாவ. காலையிலேயே எடுத்தாச்சு” என்றார். அழுகை வரவில்லை. அன்றைக்கு மில்லைத் திரும்ப ஓட்டவில்லை.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் பஸ் ஓட்டிய எங்கள் பழைய மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே வேலாயுதம் அண்ணாச்சி மானேஜர், நான் குமாஸ்தா, முத்தையா டிரைவர். அண்ணாச்சி பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கியவர். முதலாளிக்கு அதில் பெருமை அதிகம்.

ஒரு சாரல் சீசனில் அருவிக்கு வந்த கூட்டத்தை ஏற்றி மாளவில்லை. டிரைவர்கள் வழக்கம்போல நிதானமாகவே ஓட்டினார்கள். அண்ணாச்சி மாதச் சம்பளத்தைக் குறைத்து, ஒவ்வொரு டிரிப்புக்கும் படி என்று மாற்றினார். “கூட ஓட்டுதவனுக்குக் கூடக் கிடைக்கட்டும். மேல்பார்க்க ஆளே வேண்டாம். அவனவன் ஆசையே அவனை வேலை வாங்கும்” என்றார். அப்படியே நடந்தது. வண்டிகள் பறந்தன. டிரைவர்கள் வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டு, ஆள் ஏறுகிற நேரத்தில் ஸ்டியரிங்கில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். அதில் எங்களுக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. அவர்களும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

ஒருநாள் மேலகரத்தைத் தாண்டியதும் முத்தையாவின் வண்டி புளியமரத்தில் மோதியது. பட்டப்பகல், ரோட்டில் எதிரே ஒரு மாட்டுவண்டிகூட இல்லை. பயணிகள் சிறு காயங்களோடு தப்பினார்கள். முத்தையாவின் வலது கை நசுங்கிவிட்டது.

முதலாளி ஆபீசுக்கு வந்து, “தூங்கிக்கிட்டே ஓட்டியிருக்கான். அவனை வேலையை விட்டு நிறுத்தும்” என்றார்.

“நாம எதுக்குத் துட்டு கொடுத்தோமோ அதைத்தான் அவன் செஞ்சான்” என்றார் அண்ணாச்சி.

“அப்போ யாரை நிறுத்த?”

“திட்டம் என்னோடது. என்னைய நிறுத்துங்க.”

அண்ணாச்சியே மெதுவாகத் தொடர்ந்தார். “இவனை அனுப்பினா மத்தவனெல்லாம் பயந்து ஓட்டுவான். வேற இடம் கிடைச்சதும் போயிருவான். இந்த மலையடி ரோடு பழகின டிரைவரை எங்கன போய்த் தேடுவிய? இரக்கப்பட்டுச் சொல்லலை முதலாளி. கம்பெனிக்கு நஷ்டம், அதனால சொல்லுதேன்.”

டிரிப் படி நின்றது, பழைய சம்பளம் திரும்பியது. முத்தையா குற்றாலம் ஸ்டாண்டில் டைம்கீப்பர் ஆனார். அண்ணாச்சி சொன்னது இரக்கத்தில்தானே என்று பின்னால் ஒருமுறை கேட்டேன். “இரக்கம்னு சொன்னா முதலாளி காதுல ஏறாது வே” என்றார்.

யுத்தம் வந்தது. பட்டாளத்து லாரி ஓட்ட எங்கள் டிரைவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அண்ணாச்சி இவ்வளவு செய்தும் போகிறார்களே என்று எனக்குக் கோபம். “அந்தச் சம்பளம் நம்மால முடியாது, போகட்டும். நன்றிக்காக ஒருத்தன் குறைஞ்ச சம்பளத்துக்கு வேலை பார்க்கணும்னு நினைக்கப்பிடாது” என்றார். பெட்ரோல் கிடைக்காமல், கரியை எரித்து வரும் வாயுவில் ஓட்டிப் பார்த்தோம். கடைசியில் முதலாளி வண்டிகளை விற்றார். நான் வடகரையில் இந்த மில்லை வைத்தேன். அண்ணாச்சி அதன்பின் எங்கும் வேலைக்குப் போகவில்லை. கேட்டால், “அலுத்துப்போச்சு வே” என்பார்.

போன சாரலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மெலிந்து போயிருந்தார். மில்லில் மூட்டை தூக்குகிற ஆட்களுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வைக்கலாமா என்று யோசனை கேட்டேன்.

“டிரிப் படி வச்சப்போ கூலி, பெட்ரோல், டயர் தேய்மானம், எல்லாம் போட்டுப் பார்த்தேன் வே. மனுஷன் தூங்கணும்லா, அதைப் போடலை” என்றார்.

நான் கூலியை மாற்றவில்லை. காலையில் ஆட்கள் வந்ததும், “ராத்திரி தூங்கினியளா?” என்று கேட்டுவிட்டுத்தான் மில்லைத் திறக்கிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி ஒன்றுதான்.